கொட்டப்பெட்டிக்குள் இருந்த மருந்து

என்னுடைய இடது சிறுநீரகம் என் கணவரின் அடிவயிற்றில், வலது பக்கமாக இருக்கிறது. இதைச் சொன்னால் சிலர் கண் கலங்குவார்கள். சிலர் அம்மன் சிலையைப் பார்ப்பதுபோல என்னைப் பார்ப்பார்கள். எனக்கு அந்தப் பார்வை கொஞ்சமும் பிடிப்பதில்லை. குடும்பத்தில் எல்லோரையும் சோதித்தார்கள், பொருந்தியது என்னுடையது மட்டும்தான். அவருடைய தமையனுடையது பொருந்தியிருந்தால் அந்த மனிதரைத்தான் பிடித்துக் கட்டிலில் ஏற்றியிருப்பேன். ஆனால் கொடுத்த பிறகு, போன இடத்தில் அது என்ன பாடுபடுகிறது என்று விசாரிக்காமல் இருக்க முடியவில்லை.

காலையில் தேத்தண்ணீர் கொடுக்கும்போது, "என்ரை ஆள் எப்பிடி?" என்று கேட்பேன்.

அவர் சாரத்துக்கு மேலாக வயிற்றில் மெல்லத் தட்டுவார். "உம்மடை ஆள் நல்ல வேலைக்காரன். இரவு என்னை நித்திரை கொள்ள விடேல்லை" என்பார்.

இரவில் எழுந்து சலம் கழிக்கப் போவதை இவ்வளவு பெருமையாகச் சொல்லும் மனிதரை மானிப்பாய் முழுக்கத் தேடினாலும் காண முடியாது. காரணம் இருந்தது. சிறுநீரகம் மாற்றுவதற்கு முன்பு அவர் இரத்தம் சுத்திகரிக்கும் இயந்திரத்தோடு வாழ்ந்தவர். தண்ணீரைக்கூட அளந்துதான் குடிக்கலாம். தேத்தண்ணீர் என்றால் அரைக் கோப்பை. சித்திரை வெயிலில் நாக்கு வறண்டு, ஐஸ் கட்டியை வாயில் வைத்துச் சூப்பிக்கொண்டு கிடப்பார். ஒப்பரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்ததும் அவர் முதலில் போனது கிணற்றடிக்குத்தான். ஒரு செம்புத் தண்ணீரை அண்ணாந்து கடகடவென்று குடித்தார். குடித்துவிட்டு அழுதார். நானும் அழுதேன், ஏன் பொய் சொல்ல வேண்டும்.

இதில் ஒரு சிக்கல் இருந்தது. உள்ளே வந்தது கட்டிய மனைவியின் சிறுநீரகம் என்று அவருடைய உடம்புக்குத் தெரியாது. வேலி பாய்ந்து வந்த மாடு என்று நினைத்து அதைத் துரத்தத்தான் பார்க்கும். துரத்தாமல் உடம்பை அடக்கி வைக்கக் காலையும் மாலையும் மருந்து எடுக்க வேண்டும். உயிர் உள்ளவரை எடுக்க வேண்டும். நிறுத்தினால் என்னுடைய ஆளின் கதை முடிந்தது.

அந்த நாளில் எங்களுக்கு இதில் பயம் இருக்கவில்லை. நான் அரசாங்கக் கந்தோரில் எழுதுவினைஞர். எங்கள் கந்தோரில் என்னுடைய மேசைதான் காப்புறுதி மேசை. அரசாங்க ஊழியரின் சம்பளத்தில் மாதா மாதம் ஒரு தொகையை வெட்டுவார்கள். ஊழியரோ குடும்பத்தவரோ ஆஸ்பத்திரியில் கிடந்து எழும்பினால் அந்தச் செலவைத் திருப்பித் தருவார்கள். யாராவது நோயோடு முகம் வெளிறி வந்து நின்றால், "பயப்படாதைங்கோ, காப்புறுதி இருக்குதுதானே" என்று சொல்லி அனுப்புவேன். கோயிலில் ஐயர் திருநீறு கொடுப்பது மாதிரி அதை நான் தாராளமாகக் கொடுத்து வந்தேன். கணவர் வேலை செய்தது வாகனங்களுக்குக் கடன் கொடுக்கும் ஒரு கொம்பனியில். அவர்களும் ஊழியருக்குக் காப்புறுதி வைத்திருந்தார்கள், அதில் வெளியே வாங்கும் மருந்தும் அடங்கும். இவை போக, அரசாங்க ஆஸ்பத்திரிக் கிளினிக்கில் மருந்து சும்மா கிடைக்கும். ஒரு மழைக்கு மூன்று குடையோடு வெளிக்கிட்டவர்கள் போல இருந்தோம்.

பிறகு நாட்டில் டொலர் இல்லை என்றார்கள். வாகனங்கள் வருவது நின்றது. வாகனம் வராவிட்டால் அதற்குக் கடன் கொடுக்கும் கொம்பனி எதற்கு? அவருடைய கிளையை மூடினார்கள். வேலை போனது என்று அவர் வந்து சொன்னபோது நான் பெரிதாகக் கலங்கவில்லை. என் சம்பளம் இருக்கிறது, வளவில் இரண்டு தென்னையும் ஒரு முருங்கையும் நிற்கின்றன, கஞ்சியாவது குடிக்கலாம் என்று நினைத்தேன். வேலையோடு ஒட்டிக்கொண்டிருந்த காப்புறுதியும் அன்றைக்கே போய்விட்டது என்பது மருந்துக் கடையில் போய் நின்றபோதுதான் உறைத்தது.

சரி, கிளினிக் இருக்கிறது என்று அங்கே போனோம். அங்கே நீள வாங்கில்களில் இருக்க இடமில்லை. முந்தித் தனியார் ஆஸ்பத்திரியில் குளிரூட்டிய அறைக்குள் டொக்டரைப் பார்த்தவர்கள் எல்லாம் வேலையும் காப்புறுதியும் போய் எங்களோடு வரிசையில் நின்றார்கள். வங்கியில் பெரிய கதிரையில் இருந்த ஒருவர் நிலத்தில் பேப்பரை விரித்து இருந்ததைக் கண்டேன். ஆட்கள் கூடக் கூட மருந்து குறைந்தது. முதலில் பாதி தந்தார்கள், பிறகு கால்வாசி. ஒருநாள் மருந்து கொடுக்கும் யன்னலுக்குள் இருந்த பிள்ளை தலையைக் குனிந்துகொண்டு, "இல்லை அக்கா, வெளியிலை வாங்குங்கோ" என்றது. வெளியில் எந்தக் கடையிலும் இல்லை. இருந்த ஒரு கடையில் சொன்ன விலைக்கு என் தங்கக் காப்புகள் போயின. அடுத்த முறை காப்பும் இல்லை, அந்தக் கடையில் மருந்தும் இல்லை.

அப்போதுதான் நான் என் சொந்த மேசையில் இருந்து, எத்தனையோ பேருக்காக எடுத்த அந்தத் தொலைபேசி அழைப்பை எனக்காக எடுத்தேன். காப்புறுதிப் பகுதியில் இருந்தது எனக்குக் குரல் பழக்கமான ஒரு பெடியன், நல்ல மரியாதையானவன்.

"உங்கடை வீட்டுக்காரரை வார்ட்டிலை அனுமதிச்சிருக்கினமோ அக்கா?"

"இல்லைத் தம்பி, வீட்டிலைதான் இருக்கிறார். கிளினிக்கிலை மருந்து முடிஞ்சுது. வெளியிலை வாங்கிறதுக்குத்தான் கேக்கிறன்."

"வார்ட்டிலை இருந்தாத்தான் அக்கா காசு எடுக்கலாம். வீட்டிலை இருக்கிற ஆக்களின்ரை மருந்து இதுக்குள்ளை வராது."

"அவரை வார்ட்டுக்குப் போகாமல் வைச்சிருக்கத்தானே தம்பி மருந்து கேக்கிறன்."

"விளங்குது அக்கா. ஆனால் அதுக்குள்ளை வராது. வார்ட்டிலை கிடந்த ஆக்களுக்கே இப்ப காசு விடுறாங்கள் இல்லை" என்றான்.

நான் தொலைபேசியை வைத்துவிட்டு மேசையைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். அதே மேசையில் இருந்துகொண்டு இந்த விதியை எத்தனை பேருக்கு நானே வாயால் சொல்லியிருப்பேன்! அப்போது அது எனக்கு நியாயமாகத்தான் பட்டது. யாரிடம் கத்துவது? அந்தப் பெடியனிடமா, யன்னலுக்குள் தலைகுனிந்த பிள்ளையிடமா? அவர்கள் எல்லோரும் என்னைப் போன்றவர்கள்தான்.

எங்களுக்கு மிஞ்சியிருந்தது கிளினிக் சிநேகிதம் ஒன்றுதான். உடுவிலில் வெங்காயம் செய்கிற ஒரு மனிதர் இருந்தார். அவருக்கும் எங்கள் வீட்டுக்காரருக்கு ஒப்பரேஷன் நடந்த அதே காலத்தில் சிறுநீரகம் மாற்றியது. மனைவியின் தம்பி கொடுத்தது. அறுபது கடந்தவர், நாங்கள் அண்ணை என்று கூப்பிடுவோம். அவருடைய மனைவியை அக்கா என்போம். எங்களூரில் பக்கத்து வீட்டில் ஒரு சுண்டு அரிசி, ஒரு தேங்காய் என்று கைமாற்று வாங்கித் திருப்பிக் கொடுப்பதுபோல, கிளினிக் வாங்கிலில் இந்த இரண்டு ஆண்களும் மருந்தைக் கைமாற்றுக் கொடுத்து வாங்கினார்கள். ஒரே மருந்து, ஒரே அளவு. "உங்களிட்டை முடிஞ்சால் இதை எடுங்கோ தம்பி, வந்தாப்போலை தாங்கோ" என்பார் அண்ணை.

அண்ணை மருந்தை வைத்திருந்தது கொட்டப்பெட்டியில். பனையோலையால் இழைத்த, மூடி போட்ட சிறிய பெட்டி. முந்தி வெற்றிலையும் காசும் வைத்து இடுப்பில் செருகிக்கொள்வார்கள். அவருக்கு வெற்றிலை நின்றுபோன பிறகு அதற்குள் மருந்து வந்தது. அந்த மருந்து எடுப்பவர்களுக்குக் கை நடுங்கும். நடுங்கும் கையால் மாத்திரை அட்டையைக் கிழிக்க முடியாது என்று, அக்கா எல்லாவற்றையும் உடைத்து எடுத்துக் கடதாசிச் சரைகளாகச் சுற்றிப் பெட்டிக்குள் அடுக்கி விடுவா. தோட்டத்துக்குப் போனாலும் கோயிலுக்குப் போனாலும் அந்தப் பெட்டி அண்ணையின் இடுப்பில் இருக்கும்.

எங்களிடம் மருந்து முடிகிற கட்டத்துக்கு வந்த நேரத்தில், கனடாவில் இருந்து கோயில் திருவிழாவுக்கு வந்த யாரோ ஒருவரிடம் அண்ணையின் மகன் மருந்து கொடுத்து விட்டிருந்தான். பயணப் பெட்டி பாரம் என்று கனடாவிலேயே எல்லாவற்றையும் அட்டையில் இருந்து உடைத்துக் கொட்டித்தான் கொண்டுவந்தாராம். அண்ணை அதில் ஒரு சரையை எங்களுக்குத் தந்தார். "அடுத்த கிளினிக்குக்கு மிச்சம் கொண்டு வாறன். உங்கடை ஆளைச் சாக விடமாட்டம் பிள்ளை" என்று என்னிடம் சொன்னார். என்னுடைய ஆள் என்று நாங்கள் சொல்வது அவருக்கும் தெரியும்.

அடுத்த கிளினிக்குக்கு அண்ணை வரவில்லை. வெங்காயத்துக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டு நின்றவர் அப்படியே வரம்பில் சரிந்துவிட்டார். சிறுநீரகம் நன்றாகத்தான் இருந்தது. போனது இதயம்.

செய்தி வந்தபோது என் கணவர் தலையில் கைவைத்து இருந்தார். நானும் அழுதேன். அழுதுகொண்டே, அந்த மருந்து இப்போது எங்கே இருக்கும் என்று யோசித்தேன். அழுகையும் அந்த யோசனையும் ஒன்றாகத்தான் வந்தன. எங்களிடம் இருந்ததோ அடுத்த கிழமையைக் காணாது.

செத்த வீட்டுக்கு அவர் வர முடியாது. மருந்து உடம்பை அடக்கி வைத்திருப்பதால் கூட்டத்துக்குள் போனால் எந்தக் காய்ச்சலும் தொற்றும். நான் சைக்கிளில் போனேன். மானிப்பாயில் இருந்து உடுவில் வரைக்கும் வீதி ஓரத்தில் பெற்றோலுக்கு நின்ற வாகனங்கள், அவற்றுக்குள் நித்திரை கொள்ளும் மனிதர்கள். போகும் வழி முழுக்க என்னோடு நானே சண்டை பிடித்தேன். செத்த வீட்டில் இருந்து எதையும் எடுத்துக்கொண்டு வரக்கூடாது. போய்வருகிறேன் என்றுகூடச் சொல்லாமல் பேசாமல் எழுந்து வரவேண்டிய இடம் அது. அங்கே போய் மருந்து தாருங்கள் என்று எந்த வாயால் கேட்பது? முப்பத்தோராம் நாள் சடங்கு, முப்பத்தொன்று, முடிந்த பிறகு கேட்கலாம், அதுதான் மரியாதை. ஆனால் முப்பத்தொன்று வரைக்கும் என்னுடைய ஆள் பொறுக்காது.

பந்தலுக்குள் பறை அடித்துக்கொண்டிருந்தது. பெண்கள் சவப்பெட்டியைச் சுற்றி இருந்து, ஒருவரை ஒருவர் கட்டிப்பிடித்து ஒப்பாரி சொன்னார்கள். அக்கா என்னைக் கண்டதும் கையை நீட்டினா. நான் போய்க் கட்டிக்கொண்டேன். எங்களூர்ப் பெண்கள் அப்படிக் கட்டிப்பிடித்து அழும்போது வாய் மற்றவளின் காதோடு இருக்கும். வேறு ஒருவருக்கும் கேட்காது. நான் அழுதுகொண்டே கேட்டேன்.

"அக்கா, என்னை மன்னியுங்கோ. அண்ணையின்ரை அந்த மருந்து..."

அக்காவின் உடம்பு ஒருகணம் விறைத்தது. என்னைத் தள்ளிவிடப் போகிறா என்று நினைத்தேன். தள்ளவில்லை. இன்னும் இறுக்கிக்கொண்டா. அழுகையை நிறுத்தவும் இல்லை. எல்லோருக்கும் கேட்க, இழுத்து இழுத்து ஒப்பாரியாகவே மறுமொழி சொன்னா.

"காலையும் மாலையும் கைநடுங்கக் குடிச்ச மருந்து, என்ரை ராசா, கொட்டப்பெட்டியோடை கூடப் போகுதையோ! இடுப்பிலை செருகிவிட்டார் உன்ரை அண்ணர், என்ரை ராசா, ஆருக்கும் உதவாமல் நெருப்போடை போகுதையோ!"

சுற்றியிருந்த பெண்களும் அதைப் பிடித்து அழுதார்கள். நான் நிமிர்ந்து சவப்பெட்டிக்குள் பார்த்தேன். பட்டு வேட்டியும் சால்வையுமாக அண்ணை கிடந்தார். இடுப்பு மடிப்பில், சால்வைக்குக் கீழே, கொட்டப்பெட்டியின் மூடி தெரிந்தது. தம்பி இடுப்பை விட்டு இறக்காத சாமான் அவனோடு போகட்டும் என்று அண்ணையின் தமையன் ஆசையாக வைத்திருக்கிறார். அதற்குள் இருப்பது என்ன என்று அவருக்கு எங்கே தெரியப் போகிறது? தலைமாட்டில் தோளில் துண்டோடு அவர் நின்றார். ஊரில் மதிப்பானவர், சடங்கில் ஒரு சின்னப் பிழையும் விடாதவர்.

பெண்கள் சுடலைக்குப் போவதில்லை. பெண்களின் வாய்க்கரிசி வீட்டிலேயே நடந்துவிடும். கிரியை முடிந்து ஐயர் எழும்ப, சகோதரிகளும் மருமக்களும் ஒவ்வொருவராக வந்து, தேங்காய்ப்பூ கலந்த அரிசியை வாயருகே போட்டார்கள். அது இரத்த உறவுக்கும் கொண்டான் கொடுத்தானுக்கும் உள்ள உரிமை. நான் பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அரிசி முடிந்ததும் மூடி போடுவார்கள், ஆணி அறைவார்கள். தமையன் மூடியைத் தூக்கச் சொல்லிக் கையும் காட்டிவிட்டார்.

"பொறுங்கோ. என்ரை தங்கச்சி போடேல்லை" என்றா அக்கா.

"ஆர் தங்கச்சி?"

அக்கா என்னைக் கையைப் பிடித்து இழுத்தா.

"உவ ஆர்? எங்கடை ஆக்களிலை நான் காணேல்லையே" என்றார் தமையன்.

"இவருக்குக் கிளினிக்கிலை கூடப்பிறந்தவ. போடட்டும்."

தாலி கழற்றப்போகிற பெண்ணோடு அந்த நேரத்தில் யார் தர்க்கம் பண்ணுவார்கள்? தமையன் ஒதுங்கினார். என் வலக்கைக்குள் அரிசியை வைத்தார்கள். நான் குனிந்தேன். அதே நேரம் அக்கா "ஐயோ" என்று அலறிக்கொண்டு அண்ணையின் நெஞ்சின்மேல் விழுந்தா. அவிழ்ந்த தலைமயிரும் சேலையும் பெட்டியின் பாதியை மூடின. பெண்கள் அவவைத் தூக்க ஓடிவந்தார்கள். வலது கையால் நான் அரிசியைப் போட்டேன். இடது கை சால்வைக்குக் கீழே போனது. அவருடைய இடுப்பு குளிர்ந்து கல்லாகக் கிடந்தது. கொட்டப்பெட்டி ஒரு இழுப்பில் வரவில்லை, தமையன் நன்றாகத்தான் செருகியிருந்தார். இரண்டாம் முறை இழுத்தேன். வந்தது. சேலை மடிப்புக்குள் போனது.

வெட்கமாக இருந்ததா என்று கேட்டால், இல்லை. வெட்கத்துக்கு இடம் இருக்கவில்லை. பயம் மட்டும்தான் இருந்தது. அக்காவைத் தூக்கி நிமிர்த்தினார்கள். அவ என்னைப் பார்க்கவே இல்லை.

ஆணி அறைந்து, பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஆண்கள் போனார்கள். படலை வரைக்கும் போய் நின்று அழுத பெண்களோடு நானும் நின்று அழுதேன். பிறகு ஒருவருக்கும் ஒன்றும் சொல்லாமல் சைக்கிளை எடுத்தேன்.

திரும்பி வரும்போது ஒரு கை இடுப்பில், ஒரு கை சைக்கிளில். சண்டிலிப்பாய்ப் பக்கமாகச் சுற்றிப் போகும் பஸ் ஒன்று வெகுநாளைக்குப் பிறகு ஓடியது, அதற்குக்கூட நான் ஒதுங்கவில்லை. செத்த வீட்டால் வருகிற பெண் வீதியில் சிரிக்கக்கூடாது. எனக்குச் சிரிப்பு வந்தது. இவ்வளவு காலம் அரசாங்கத்துக்கும் கொம்பனிக்கும் கட்டிய காப்புறுதி எதுவும் தராததை, நெருப்புக்குப் போக இருந்த ஒரு மனிதரின் இடுப்பில் இருந்து எடுத்துக்கொண்டு வருகிறேன். வீட்டில் அவரிடம் இதை எப்படிச் சொல்வது, எங்கிருந்து தொடங்குவது என்று மனதுக்குள் சோடித்துக்கொண்டே வந்தேன்.

என்னுடைய வாய் அப்படி. செத்த வீட்டால் வந்தால் படலையிலேயே தொடங்கிவிடுவேன்: யார் வந்தார்கள், யார் வரவில்லை, யார் பொய்யாக அழுதார்கள். எங்கள் வழக்கப்படி முழுகிய பிறகுதான் எதையும் தொடலாம், வீட்டுக்குள் வரலாம். நான் கதையில் நின்றுவிடுவேன் என்று கலியாணம் முடித்த காலத்தில் இருந்தே அவர் வாளியில் தண்ணீர் அள்ளி வைத்துக்கொண்டு கிணற்றடியில் நிற்பார். நான் வாயைத் திறந்ததும் கட்டின சேலையோடு தலையில் ஊற்றுவார். அது எங்களுக்குள் ஒரு பகிடி. ஒப்பரேஷனுக்குப் பிறகு அது பகிடி மட்டும் அல்ல, நான் கொண்டுவரும் கிருமியும் அவருக்கு ஆகாது.

அன்றும் நின்றார். முகத்துக்கு மாஸ்க், கையில் வாளி. வீட்டைச் சுற்றிக் கிணற்றடிக்குப் போனேன்.

"இஞ்சாருங்கோ, நான் ஒரு அலுவல்..."

"கதை பிறகு. முதல் முழுகும்."

"பொறுங்கோ, பொறுங்கோ..."

ஊற்றிவிட்டார். நான் இரண்டு கையாலும் இடுப்பைப் பொத்திக் குந்தினேன். குளிரில் குந்துகிறேன் என்று நினைத்துச் சிரித்துக்கொண்டே இரண்டாவது வாளியையும் ஊற்றினார். நான் கத்திய கத்தலில்தான் கை நின்றது.

சேலையைப் பிரித்துப் பெட்டியை எடுத்தேன். ஓலைப் பெட்டிக்குத் தண்ணீரைத் தடுக்கத் தெரியுமா? கடதாசிச் சரைகள் கூழாகிக் கிடந்தன. கப்சியூல்கள் ஒன்றோடொன்று ஒட்டி, கரைந்து, உள்ளிருந்த தூள் வெள்ளையாக வழிந்து சீமெந்தில் ஓடியது. நான் கையால் அணை கட்டப் பார்த்தேன். அது விரலுக்கு இடையால் வாழையடிக்குப் போனது.

அவர் மாஸ்க்கைக் கழற்றினார். "இது ஆரின்ரை?" என்று கேட்டார். பெட்டியைப் பார்த்ததும் அவருக்கே தெரிந்துவிட்டது. எங்கிருந்து எடுத்தேன் என்று சொன்னேன். வழி முழுக்கச் சோடித்து வந்த கதையை இரண்டு வசனத்தில் சொல்லி முடித்தேன். என்னைத் தொடக்கூடாத நேரம் அது. அவர் என் பக்கத்தில் ஈரத்தில் குந்தி, ஒட்டிப்போன கப்சியூல் கட்டி ஒன்றை எடுத்து வாயில் போட்டார்.

"என்ன செய்யிறியள்! எவ்வளவு எண்டு தெரியாமல்..."

"வாழைக்குப் போறதிலும் பாக்க உம்மடை ஆளுக்குப் போகட்டும்" என்றார். நான் அவரை அடிக்கவும் அணைக்கவும் முடியாமல் அப்படியே இருந்தேன்.

மிஞ்சியதைச் சுளகில் பரப்பி வெயிலில் வைத்துக் காகம் கலைத்தேன். காய்ந்த கட்டிகளைக் கொண்டுபோய் கிளினிக் டொக்டரிடம் காட்டினோம். இளம் பிள்ளை அவ. ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தா. "இதிலை எவ்வளவு மருந்து இருக்கு எண்டு எனக்குச் சொல்லத் தெரியாது அன்ரி. எடுக்கவேண்டாம் எண்டுதான் சொல்லவேணும்" என்றா. "எடுக்காட்டில் வேறை என்ன தருவியள்?" என்று நான் சீறினேன். அவ யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டா. தோள் குலுங்கியது. அதற்குப் பிறகு எனக்குக் கோபப்படவும் ஆள் இல்லை.

அவர் எடுத்தார். குத்துமதிப்பாக உடைத்து, குத்துமதிப்பாக விழுங்கினார். அது முடிந்ததும் மருந்து இல்லாமல் இருந்தார்.

முப்பத்தொன்றுக்கு அழைப்பு வந்தது. வாய்க்கரிசி போட்டவள் போகாமல் இருக்க முடியாது. அண்ணையின் படத்துக்கு மாலை போட்டு, அவருக்குப் பிடித்ததெல்லாம் படைத்திருந்தார்கள். அக்கா பந்தியில் எனக்குப் பக்கத்தில் வந்து இருந்தா. வெள்ளைச் சேலையில் பாதியாகிப் போயிருந்தா.

"தம்பிக்கு மருந்து போதுமோ, காணுதோ?" என்று மெல்லக் கேட்டா.

அந்த உடலின் மேல் விழுந்து எனக்கு மறைப்புக் கட்டியவவிடம் கிணற்றடியைப் பற்றி எப்படிச் சொல்வது?

"காணும் அக்கா. வடிவாய்க் காணும்" என்றேன்.

அக்கா படத்தை நிமிர்ந்து பார்த்தா. "கேட்டியளே? காணுமாம்" என்றா. முகத்தில் ஒரு வெளிச்சம். நான் கையில் இருந்த வடையை இலை ஓரத்தில் வைத்தேன்.

அதன் பிறகு அவருக்குக் கால் வீங்கியது. பிறகு முகம். இரவில் சலம் கழிக்க எழும்புவது குறைந்து, ஒருநாள் எழும்பவே இல்லை. வார்ட்டில் அனுமதித்தார்கள். மருந்து கொஞ்சம் எங்கிருந்தோ வந்து சேர்ந்தது, ஏற்றினார்கள். உடம்பு அதற்கு முதலே என்னுடைய ஆளைத் துரத்தி முடித்துவிட்டது. திரும்ப இயந்திரத்தில் போடவேண்டும் என்றார்கள்.

கந்தோரில் லீவு எடுக்கப் போனபோது தொலைபேசி அடித்தது. காப்புறுதிப் பகுதிப் பெடியன், வேறு யாருடையதோ அலுவலாக எடுத்தவன்.

"வீட்டுக்காரர் எப்பிடி அக்கா?"

"வார்ட்டிலை தம்பி."

"வார்ட்டிலையோ?" என்றான். குரலில் உண்மையாகவே ஒரு நிம்மதி. "அப்ப பிரச்சினை இல்லை அக்கா! இப்ப எடுக்கலாம். காசு விடவும் தொடங்கிட்டாங்கள். இயந்திரத்திலை போட்டாலும் இதுக்குள்ளை வரும். நீங்கள் பயப்படாதைங்கோ."

அவனைத் திட்ட வேண்டும் என்று வாய்வரை வந்தது. அவன் எனக்காகச் சந்தோஷப்பட்டான். அவன் சொன்னது என்னுடைய வசனம், இதே மேசையில் இருந்து நான் ஊருக்கெல்லாம் கொடுத்தது. "ஓம் தம்பி, நன்றி" என்று சொல்லிவிட்டு வைத்தேன்.

திரும்ப இயந்திரத்தில் போட்ட மறுநாள் காலை, போத்தலில் தேத்தண்ணீர் கொண்டு வார்ட்டுக்குப் போனேன். அவர் சாய்ந்து இருந்தார். எத்தனை வருடப் பழக்கம், நான் நினைக்க முதலே வாய் கேட்டுவிட்டது.

"என்ரை ஆள் எப்பிடி?"

கேட்ட பிறகு நாக்கைக் கடித்தேன். அவர் கையை வயிற்றில் வைத்தார். தட்டவில்லை. வேலை செய்யாவிட்டாலும் அதை வெளியே எடுக்க மாட்டார்களாம், அது பாட்டில் உள்ளே கிடக்குமாம்.

"இருக்கிறார்" என்றார். "என்னைப்போலை அவரையும் வேலையாலை நிப்பாட்டியாச்சு."

நான் சிரிக்க வேண்டும் என்றுதான் அப்படிச் சொன்னார். சிரிக்கப் பார்த்தேன். போத்தலைத் திறந்து, கோப்பையில் பாதி வரைக்கும் ஊற்றி, மூடியைத் திருகி மூடினேன்.